இ.எஸ்.ஐ. ஊனப் பணம் வரும்போது வேலைக்குத் திரும்பலாமா?

6 மார்ச் 2023 – வாசகர் கேள்வி

அண்ணா, இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்ல கான்ட்ராக்ட்ல இருக்கேன். ஜனவரில பவர் பிரஸ்ல மாட்டி வலது கை நடுவிரல் நுனிக் கணு போயிடுச்சு. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) டாக்டர் லீவு சர்டிஃபிகேட் தர்றார், பணமும் பேங்க்ல ஏறுது. இப்ப சூப்பர்வைசர் போன் பண்ணி, "கைதான் ஆறிடுச்சே, வா. அட்டெண்டன்ஸ் போட வேணாம், சம்பளத்தைக் கையில தந்துடறேன். அங்க வர்ற பணமும் வரட்டும்"ங்கறார். ரெண்டும் வந்தா கடன் கொஞ்சம் அடையும். போகலாமா? இன்னொண்ணு, முறையா வேலைக்குச் சேர்ந்துட்டா ஊனப் பணம் சுத்தமா நின்னுடும்னு ரூம்ல எல்லாரும் சொல்றாங்க. நிஜமா?

அன்றே இரவு

போகாதே.

மீதியை நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்கு எனக்கு நைட் ஷிஃப்ட்.

7 மார்ச் 2023

தம்பி, எனக்கும் பிரஸ்ஸில்தான் போனது. வலது ஆள்காட்டி விரல், முழுசாக. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உன் ரூமில் இருப்பவர்கள் இரண்டு வேறு பணத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். இப்போது உனக்கு வருவது தற்காலிக ஊனப் பயன். காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குத் தருவது. சராசரி தினக்கூலியில் 90 சதவீதம், ஞாயிறும் சேர்த்து. இது வேலைக்குப் போகும் நாளில் கிடையாது. சட்டத்திலேயே எழுதியிருக்கிறது: வேலை செய்த நாளுக்கு இந்தப் பணம் வாங்க உரிமை இல்லை.

அடுத்து வரப்போவது நிரந்தர ஊனப் பயன். எங்கள் ஆட்கள் 'பென்ஷன்' என்பார்கள். மெடிக்கல் போர்டு உன் கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் இத்தனை சதவீதம் போச்சு என்று எழுதும். அந்தக் கணக்கில் மாதாமாதம் ஆயுசு முழுக்க வரும். நீ வேலைக்குப் போனாலும் வரும், போகாவிட்டாலும் வரும். அதே கம்பெனி, வேறு கம்பெனி, சொந்தக் கடை, எதுவானாலும் வரும். போன விரலுக்கான பணம் அது. விரல் திரும்பி வரப்போவதில்லை, பணமும் நிற்கப்போவதில்லை.

இனி சூப்பர்வைசர் விஷயம். அவர் உன் கடனுக்காக உருகுவதாக நினைக்காதே. லீவு சர்டிஃபிகேட் இருக்கும் நாளில் வேலை செய்துவிட்டு இ.எஸ்.ஐ. பணமும் வாங்கினால் அது பொய்க் கணக்கு. வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள், பொய் சொல்லிப் பயன் பெற்றதற்குச் சிறை, அபராதம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. மாட்டினால் மாட்டுவது நீ, அவர் இல்லை. அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. அட்டெண்டன்ஸ் இல்லாத நாளில் அடுத்த விரல் போனால், ஏட்டுக் கணக்குப்படி நீ அந்த ஷெட்டுக்குள்ளேயே இல்லை. ஆக்சிடெண்ட் ரிப்போர்ட் யார் பெயரில் எழுதுவார்கள்?

வேலைக்குப் போகணும் என்றால் டாக்டரிடம் போய் 'ஃபிட்' சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு நேராகப் போ.

7 மார்ச் 2023, பின்னர்

ஒன்று விட்டுப்போச்சு. தற்காலிகப் பணம் வாங்கும் காலத்தில் உன்னை வேலையை விட்டு எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்த உத்தரவே செல்லாது. கான்ட்ராக்ட் என்றாலும் நீ இ.எஸ்.ஐ.க்கு உட்பட்டவன்தான், உன் பங்கு கட்டப்படாவிட்டால் முதன்மைக் கம்பெனி, அதாவது கான்ட்ராக்டர் வழியாக உன்னிடம் வேலை வாங்கும் கம்பெனி, பதில் சொல்லியாகணும். "சீக்கிரம் வராட்டா ஆளை மாத்திடுவேன்" என்று மிரட்டினால் இதை ஞாபகம் வைத்துக்கொள். வாயால் சண்டை போடாதே. அவர் சொல்வதை எழுத்தில் கேள், வாட்ஸப்பிலாவது.

8 மார்ச் 2023

"எவ்வளவு வரும்?" என்று நான்கு பேர் தனியாகக் கேட்டுவிட்டார்கள். அதையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

விரலுக்கு விரல் விலை சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. கட்டைவிரல் முழுசும் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி 14. நடுவிரல் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ ஆளுக்கு 7. ஒரே கையில் இரண்டு விரல் என்றால் 20, மூன்று என்றால் 30, நான்கு என்றால் 50. பாதி போனால் பாதிக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டியில் இரண்டு கணு 11, ஒரு கணு 9, எலும்பு போகாமல் நுனிச் சதை மட்டும் என்றால் 5. நடுவிரலில் அதே வரிசை 9, 7, 4. வலது கை இடது கை வித்தியாசம் கிடையாது. வலது கைக்காரனுக்கு அது அநியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தோன்றும், ஆனால் அட்டவணை அப்படித்தான்.

தம்பிக்கு நடுவிரல் ஒரு கணு. 7 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி தினக்கூலி 500 ரூபாய் என்றால் அதில் 90 சதவீதம் 450. அதில் 7 சதவீதம் 31 ரூபாய் 50 காசு. முப்பது நாள் மாதத்துக்கு 945 ரூபாய். இப்போது தினம் 450 வாங்குகிறவனுக்கு இது சில்லறையாகத் தெரியும். நிஜமும் அதுதான், இதை வைத்துக் குடும்பம் நடக்காது. வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து காப்பாற்ற வேண்டிய பணமும் இது இல்லை. உட்கார்ந்தாலும் அதே 945தான். விலைவாசிக்காக அவ்வப்போது ஏற்றித் தருவார்கள், அவ்வளவுதான்.

ரசீதில் எழுதும் கூலிக்கும் இந்தப் பணத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதையும் கவனி. சம்பளத்தைப் பாதி ரசீதில், பாதி கையில் தரும் கம்பெனியில் இருந்தால் ரசீதில் உள்ள பாதிக்குத்தான் இந்த 90 சதவீதம்.

11 மார்ச் 2023

"என் மாமாவுக்கு வேலைக்குப் போனதும் நிறுத்திட்டாங்களே, நீங்க ஆயுசு முழுக்கங்கறீங்க" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மாமாவிடம் இருக்கும் போர்டு கடிதத்தை எடுத்துப் பாருங்கள். போர்டு சில சமயம் இறுதியாக எழுதாது, தற்காலிக மதிப்பீடு என்று ஒரு காலக்கெடு போட்டுத் தரும். தசை இன்னும் மாறும், மூட்டு இன்னும் மடங்கும் என்று நினைத்தால் அப்படிச் செய்வார்கள். கெடு முடிவதற்குள் மறுபடி போர்டு முன் போகணும். மாமா வேலைக்குப் போன சமயமும் கெடு முடிந்த சமயமும் ஒன்றாக வந்திருக்கும், இவர் வேலையால்தான் நின்றது என்று நினைத்திருப்பார். மறு மதிப்பீட்டுக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். உயிரோடு இருப்பதற்கான சான்றிதழ். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, ஃபார்ம் 23. குறித்த காலத்தில் தராவிட்டால் பணம் நிற்கும், தந்தால் திரும்ப வரும். 'நான் செத்துட்டேன்னு முடிவு பண்ணிட்டானுங்க' என்று எங்கள் செக்யூரிட்டி தாத்தா புலம்பியது இதனால்தான்.

2 ஏப்ரல் 2023

தம்பி கேட்டது பணத்தைப் பற்றி. கேட்காததை எழுதுகிறேன். திரும்பிப் போன முதல் நாள்.

கேட்டில் பஞ்சிங் மெஷின். வரிசையில் நின்று பழக்கத்தில் கையை நீட்டுகிறேன். மெஷினில் பதிவாகியிருந்தது வலது ஆள்காட்டி ரேகை. நீட்டிய இடத்தில் விரலே இல்லை. பின்னால் நின்றவன் "என்னண்ணே, வைங்க" என்கிறான். எதை வைப்பது? மெஷின் வழக்கம்போல "மறுபடி முயற்சிக்கவும்" என்று ஒரு பெண் குரலில் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்றவனுக்கு வரவில்லை, பாவம், அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஹெச்.ஆரில் போய்ச் சொன்னால், "சிஸ்டத்துல பழைய விரலை டெலிட் பண்ண அப்ரூவல் வேணும்" என்றார்கள். விரல் டெலிட் ஆகி எத்தனையோ மாசம் ஆச்சு சார் என்றேன். அன்றைக்கு முழுக்க நான் ஆப்சென்ட். சம்பளத்தில் பிடித்து, பிறகு கேட்டு வாங்கினேன்.

அதனால் திரும்பிப் போகும்போது முதல் வேலை: வேறு விரலைப் பதிவு செய். ஆதாரிலும் புதுப்பித்துவிடு, ரேகை கேட்கும் இடத்தில் எல்லாம் இதே கூத்துதான்.

3 ஏப்ரல் 2023

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "சிரித்துக்கொண்டே சொல்றீங்க" என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். அன்றைக்கு மதியம் சிரிக்கவில்லை. அதை எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

15 ஏப்ரல் 2023

சுருக்கமாக ஒரு பதில்: சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இ.எஸ்.ஐ. வட்டத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம் (மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000). நடு வழியில் தாண்டினால் அந்தப் பங்களிப்புக் காலம், அதாவது ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச், முடியும் வரை சம்பளத்தில் பங்கு பிடிப்பார்கள். அதன் பிறகு சில மாதம் கழித்து ஆஸ்பத்திரி வசதி நிற்கும். விரல் பணம் நிற்காது. பணம் நிற்கும் என்று பயந்து இன்கிரிமெண்ட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த ஆளை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இங்கே படித்துக்கொண்டிருக்கிறார்.

9 ஜூன் 2023

கணவருக்கு பக்கவாதம், மில்லில் வேலை, இ.எஸ்.ஐ. உண்டு, திரும்பிப் போகலாமா என்று கேட்ட அக்காவுக்கு.

அக்கா, மேலே நாங்கள் பேசியது வேலையில் பட்ட காயம். உங்களுடையது நோய். சட்டம் இரண்டையும் வேறு கண்ணால் பார்க்கும். வேலைக் காயத்துக்கு முதல் நாள் சேர்ந்தவனுக்கும் உரிமை உண்டு, எத்தனை நாள் கட்டினான் என்று கேட்க மாட்டார்கள். நோய்க்குக் கேட்பார்கள். சாதாரண நோய்ப் பயன் கூலியில் 70 சதவீதம், வருடத்தில் 91 நாள். பக்கவாதம் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் நீட்டிக்கப்பட்ட நோய்ப் பயன் கேட்கலாம்: 80 சதவீதம், இரண்டு வருடம் வரை போகும். அதற்கு இரண்டு வருட வேலையும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலத்தில் 156 நாளாவது கட்டியிருக்கணும் என்ற நிபந்தனையும் உண்டு.

இது வேலைக்குப் போனால் நிற்கும் பணம்தான். ஆனால் அவசரப்பட்டு அவரை அனுப்பாதீர்கள். கை வரவில்லை என்று திரும்ப வந்து மறுபடி சர்டிஃபிகேட் வாங்குவதற்குள் வீட்டில் எல்லோருடைய பொறுமையும் போய்விடும். எந்த வேலைக்குப் போகப்போகிறார் என்பதை டாக்டரிடம் விலாவாரியாகச் சொல்லுங்கள். "மில்லில் வேலை" என்றால் டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. எட்டு மணி நேரம் நிற்கணுமா, எவ்வளவு எடை தூக்கணும், நைட் உண்டா, படி ஏறணுமா, இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.

22 ஆகஸ்ட் 2023

மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,000லிருந்து 1,500 ஆனதும் இங்கே கேள்வி குவிகிறது. அது வேறு வாசல். வருவாய்த்துறை வழியாக மாநில அரசு தருவது, வேலை வருமானம் எல்லாம் விசாரிப்பார்கள், 40 சதவீத ஊனம் வேண்டும். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை இன்னொரு வாசல், கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கு.

முக்கியமாக, இ.எஸ்.ஐ. போர்டு எழுதும் சதவீதமும் அரசு ஆஸ்பத்திரி ஊனச் சான்றிதழில் எழுதும் சதவீதமும் ஒன்றல்ல. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேட்காதீர்கள். ஒரு விரல் போனவர்கள் 40-ஐ எட்டுவது கிடையாது, அலைந்து செருப்பைத் தேய்க்க வேண்டாம்.

வேலைக்குப் போனால் நிற்குமா என்ற பயம் நியாயமானது இந்த மாநில அரசு வாசலில்தான். நாம் பயப்படுவதோ இ.எஸ்.ஐ. வாசலில்.

14 அக்டோபர் 2023

அரசுப் பணியில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். உங்களுக்குக் கொடுத்துவைத்தது. 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு: பணிக்காலத்தில் ஊனமானவரை அரசு நிறுவனம் வேலையை விட்டு எடுக்கவோ பதவி குறைக்கவோ கூடாது. பழைய வேலை செய்ய முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி. அதுவும் இல்லாவிட்டால் பொருத்தமான இடம் வரும் வரை, அல்லது ஓய்வு வயது வரை, கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்கணும்.

1995-ஆம் வருடச் சட்டத்திலும் இதே மாதிரி பிரிவு 47 இருந்தது. அதில் குணால் சிங் வழக்கு என்று ஒன்று, 2003-இல் உச்ச நீதிமன்றம். பணியில் ஒரு காலை இழந்த காவலர். ஊன ஓய்வூதியம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறாரே, பிறகென்ன வேலை என்றது அரசுத் தரப்பு. ஓய்வூதியம் தந்தது அந்தப் பாதுகாப்பை மறுக்கக் காரணம் ஆகாது என்றது கோர்ட். இந்த இழையில் நாம் ஏழு மாதமாக உருட்டும் கேள்விக்கு அது ஒரு வரியில் பதில்.

தனியார் கம்பெனிக்கு இந்தப் பிரிவு கிடையாது. பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

21 ஜனவரி 2024

ஏப்ரலில் எழுதாமல் விட்டதில் கொஞ்சம்.

என்னைத் திரும்ப எடுத்தபோது பிரஸ் தரவில்லை, குவாலிட்டியில் மேஜை வேலை தந்தார்கள். அடிப்படைச் சம்பளம் அதே. பிரஸ்காரனுக்கு உள்ள புரொடக்‌ஷன் இன்சென்டிவ் இல்லை. கையில் வருவது குறைந்தது, அந்தக் குறைவை விரல் பணம் கிட்டத்தட்ட ஈடு கட்டியது. கம்பெனி அதைத் தெரிந்தேதான் கணக்குப் போட்டிருக்கணும். "உங்களுக்குத்தான் பென்ஷன் வருதே" என்று மேனேஜர் ஒருமுறை வாய்விட்டே சொன்னார். என் விரலுக்கு இ.எஸ்.ஐ. தரும் பணம் கம்பெனிக்கு மிச்சம்.

அப்போது வாயைத் திறக்கவில்லை. வேலை கிடைத்ததே பெரிசு என்று இருந்தது. இப்போது யோசித்தால், இன்சென்டிவுக்குப் பதிலாக ஏதாவது ஒரு படியை எழுத்தில் கேட்டிருக்கலாம். கேட்டால் தந்திருப்பார்களா, தெரியாது. கேட்காததால் குவாலிட்டி மேஜைக்கு அனுப்பப்படும் எல்லோருக்கும் அதுவே வழக்கமாகிவிட்டது.

வேலை பழக நாளாச்சு. பீஸின் அளவு பார்க்கும் வெர்னியர் கருவியைப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் நகர்த்தும், பூட்டுத் திருகை முடுக்க ஆள்காட்டி வரணும். எனக்கு நடுவிரல் வரணும், அது நீளம் அதிகம், திருகைத் தாண்டிப் போய் நிற்கும். அளவு நகர்ந்துவிடும். அரை மில்லிமீட்டர் பிசகில் நல்ல பீஸை ரிஜெக்ட் செய்து, மெஷினில் டை பூட்டும் செட்டர் என்னிடம் சண்டைக்கு வந்தான். கடைசியில் வெர்னியரை இடது கைக்கு மாற்றினேன். இதை எந்த டாக்டரும் ஃபிட் சர்டிஃபிகேட்டில் எழுத மாட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் கழித்து நானே போய்ப் பிரஸ் கேட்டேன். இன்சென்டிவுக்காக. ரெண்டு கையாலும் அழுத்தினால்தான் ஓடும் பட்டன் உள்ள மெஷின் என்றால்தான் ஏறுவேன் என்றேன். ஃபுட் பெடல் மெஷின்தான் காலி என்றார்கள். என் விரலை வாங்கிய அதே மாதிரி மெஷின், கை உள்ளே வந்தால் மெஷினை நிறுத்தும் சென்சாருக்கு முன்னால் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தது. மேஜைக்கே திரும்பி வந்துவிட்டேன்.

22 ஜனவரி 2024

"டேப் ஒட்டியதை யாரிடமும் சொல்லலையா?" சொன்னேன். டேப்பை எடுத்தார்கள். அடுத்த ஷிஃப்ட்டில் வேறு கலர் டேப்.

20 ஏப்ரல் 2024

நேற்று ஓட்டுப் போட்டாச்சா எல்லோரும்? எங்கள் டை செட்டருக்கு இடது ஆள்காட்டி விரல் இல்லை. மை வைக்கும் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் விழித்திருக்கிறார். விரல் இல்லாதவருக்கு அதே கையில் வேறு விரலில் வைக்கலாம் என்று விதியே இருக்கிறது. செட்டர் சும்மா இருப்பாரா? "அந்த விரல் போன எலெக்‌ஷன் மையோட போயிடுச்சும்மா" என்றாராம். பூத்தே சிரித்ததாம். அவரும் இருபது வருடமாக விரல் பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கும் வருகிற ஆள்தான். ரூம்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

12 மே 2024

முதலில் கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். அப்போதே ஃபிட் வாங்கிக்கொண்டு முறையாகச் சேர்ந்தானாம். போர்டு 7 சதவீதம் எழுதியதாம். "மடக்க வரலை, கூட போடச் சொல்லி அப்பீல் பண்ணலாமா, இல்ல மொத்தமா வாங்கிடலாமா? இப்ப வேற கம்பெனிக்குப் போறேன்" என்கிறான்.

அப்பீல் பண்ணலாம். மருத்துவ அப்பீல் தீர்ப்பாயத்துக்கோ இ.எஸ்.ஐ. கோர்ட்டுக்கோ போகலாம், கெடு உண்டு, போர்டு முடிவு வந்த தேதியைப் பார்த்துக்கொள். அட்டவணையில் இன்னொரு வரி இருக்கிறது: ஒரு உறுப்பு இருந்தும் முழுசாக, நிரந்தரமாகப் பயன்படாமல் போனால் அது இழந்ததற்குச் சமம். மீதி விரல் கொஞ்சமாவது மடங்குகிறதென்றால் இந்த வரி உனக்கு உதவாது. பிஸியோ போனதற்கான சீட்டு எல்லாம் இருந்தால் எடுத்துக்கொண்டு போ.

மொத்தமாக வாங்குவது மிகச் சிறிய தினத்தொகைக்குத்தான். உன் தொகைக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்காதே என்பேன். உனக்கு வயது இருபத்தி நாலு.

புதுக் கம்பெனியில் பழைய இன்சூரன்ஸ் நம்பரையே கொடு. அவர்கள் அவசரத்தில் புது நம்பர் போட்டுவிடுவார்கள், பிறகு இரண்டையும் சேர்க்க அலையணும். சம்பளத்துக்கு வேறு பேங்கில் அக்கவுண்ட் திறக்கச் சொல்வார்கள். திற. விரல் பணம் வரும் பழைய அக்கவுண்ட்டை மூடாதே. மூடித்தான் ஆகணும் என்றால் முதலில் இ.எஸ்.ஐ. பிராஞ்ச் ஆபீஸில் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு மாதப் பணம் புதியதில் ஏறியதைப் பார்த்த பிறகு மூடு.